இரண்டே முக்கால் சென்டிமீட்டர்

கண் ஆபரேஷன் எப்படி ஆச்சு, எப்படி ஆச்சுன்னு ஆளுக்கொரு தடவை போன் போட்டுக் கேட்டீங்க. தனித்தனியா சொல்ல எனக்குத் தெம்பில்லை. எல்லாருக்கும் சேர்த்து இதையே பதிலா வச்சுக்குங்கடி. நல்லபடியா ஆச்சு. புரை விழுந்ததை எடுத்துட்டு உள்ளே புதுசா ஒரு லென்ஸ் வச்சு அனுப்பியிருக்காங்க. கட்டைப் பிரிச்சுட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், அட கடவுளே, மூலைக்கு மூலை ஒட்டடை! இத்தனை காலம் இதுக்குள்ளேதான் குடித்தனம் பண்ணியிருக்கேன். வந்து காப்பி குடிச்சுட்டுப் போன ஒருத்தியாவது வாயைத் திறந்தீங்களா?

வீட்டில் நான் ஒருத்திதான். அவர் போய்ச் சேர்ந்துட்டார். பையன் வெளிநாட்டில். சொட்டு மருந்தை நானே விட்டுக்கறேன், பாதி கண்ணுக்கும் பாதி கன்னத்துக்கும் போகுது. குனியக் கூடாது, தலைக்கு ஊத்திக்கக் கூடாது, அடுப்புப் பக்கம் ரொம்ப நேரம் நிற்கக் கூடாது. அப்புறம் மனுஷி என்னதான் பண்றது? மல்லாந்து படுத்துப் பழசை நினைக்கலாம். அதுக்கு மட்டும் டாக்டர் தடை போடலை.

போன வாரம் நம்ம வகுப்புப் பிரம்மதேசத்துக்காரி திண்டிவனத்திலிருந்து பஸ் பிடிச்சு விழுப்புரம் வந்து என்னைப் பார்த்துட்டுப் போனாள். அவள் போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கலை. அவள் சொன்னது இன்னதுன்னு கடைசியில் சொல்றேன். அது உங்களுக்குப் புரியணும்னா, நாற்பது வருஷத்துக்கு மேலா நான் உங்ககிட்ட மறைச்சு வச்சதை முதலில் சொல்லியாகணும். எங்கப்பா மிலிட்டரியில் இருக்கார்னு நான் சொன்னேனே, ஞாபகம் இருக்கா? நீங்ககூட மிலிட்டரி கேன்டீன் பிஸ்கட் கொண்டு வாடின்னு என் உயிரை வாங்கினீங்க. அப்பா மிலிட்டரியிலும் இல்லை, ஒன்னிலும் இல்லை. விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க். திண்டிவனத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என்ன சண்டைன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஒன்பதாம் வகுப்பு முடிந்த லீவில் ஒரு டிரங்குப் பெட்டியோடு அம்மா என்னை இழுத்துக்கிட்டுத் திண்டிவனத்தில் இருந்த மாமா வீட்டுக்கு வந்துட்டாள். மாமான்னா அம்மாவுக்கு அண்ணன். பத்தாம் வகுப்புக்கு உங்க பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். அம்மா அப்பாவைப் பற்றிப் பேசினால் ஒரே குற்றச்சாட்டுதான். "சொன்னா சொன்ன இடத்துல நிக்கிற மனுஷனா அவரு? பஸ் ஸ்டாண்டுல நில்லுங்கன்னா டீக்கடையில நிப்பாரு. ரேஷன் கியூவுல நில்லுங்கன்னா யாருக்கோ மூட்டை தூக்கிவுட்டுகினு இருப்பாரு. ஒரே பேஜாரு." அது ஒரு குற்றமாங்கிறது எனக்கு அப்போ விளங்கலை. விளங்கற மாதிரி யாரும் சொல்லவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னை அப்பாகிட்ட அனுப்புவாங்க. மாமா என்னை லேடீஸ் பெட்டியில் ஏற்றிவிட்டு, ரயில் நகர்ற வரைக்கும் பிளாட்பாரத்தில் முறைச்சுக்கிட்டு நிற்பார். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி. முண்டியம்பாக்கம் வந்தால் சர்க்கரை ஆலையோட வாடை, வெல்லப்பாகு கொஞ்சம் தீய்ஞ்ச மாதிரி. மற்றவங்க மூக்கைப் பொத்துவாங்க. எனக்கு அந்த வாடை வந்தாலே அப்பா வந்துட்டார்னு அர்த்தம். அடுத்த ஸ்டேஷனில் அவர் நிற்பார், அம்மா சொன்ன மாதிரியே என் பெட்டி நிற்கும் இடத்தில் இல்லாமல் ரெண்டு பெட்டி தள்ளி. என்னைப் பார்த்ததும் ஓடி வருவார். கக்கத்தில் குடை, கையில் மஞ்சப்பை. மழையே இல்லாத மாசத்திலும் குடை.

சாயந்திரம் அதே ரயிலில் திரும்பணும். திங்கட்கிழமை உங்களோட உட்கார்ந்து சிரிக்கணும். இங்கே இருந்தால் அங்கே ஒருத்தர் தனியா, அங்கே இருந்தால் இங்கே ஒருத்தி தனியா. ரெண்டு இடத்திலும் நான் விருந்தாளி. அந்த வருஷம் நான் யாரோடும் மனசுவிட்டு ஒரு வார்த்தை பேசினதில்லைன்னு இப்போ யோசிச்சால் தோணுது. நீங்க என்னை "ஊமச்சி"ன்னு கூப்பிட்டீங்க. தப்பில்லை, வேற எப்படிக் கூப்பிடுவீங்க.

அப்பாவுக்கு அப்பவே வெள்ளெழுத்து வந்துட்டது. பார்சல் மேல் ஒட்டியிருக்கிற சீட்டைக் கையை நீட்டி நீட்டிப் படிச்சு, கை நீளம் பத்தாமல் போய், கண்ணாடி போட்டுக்கிட்டார். கறுப்பு பிரேம், தடி தடியா. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனப்போ அது உடைஞ்சு கிடந்தது. ஒரு பக்கக் கண்ணாடி விரிசல், இன்னொரு பக்கம் முழுசா இருந்தது. முழுசா இருந்ததைக் கழற்றி என் உள்ளங்கையில் வச்சார். "வச்சுக்கோ பாப்பா. கடைக்காரன் பவர் ப்ளஸ் டூன்னான். உங்க சயின்ஸ்ல வருமாமே."

ஓரமெல்லாம் கைரேகை, விபூதித் தூள், லேசா வேர்வை வாசனை. தாவணி முனையில் துடைச்சுட்டு ஜன்னலுக்கு எதிரே பிடிச்சேன். ரயில்வே குவார்ட்டர்ஸோட சுண்ணாம்புச் சுவர். முன்னே பின்னே நகர்த்த நகர்த்த, ஒரு இடத்தில் சட்டுனு வெளியே இருந்த முருங்கை மரம் சுவரில் வந்து விழுந்தது. தலைகீழா. இலை பச்சையா, ஆடிக்கிட்டு. அடுப்பில் ரசம் பொங்கி வழியுது, அப்பா அதைக்கூட பார்க்காமல் சுவரையே பார்த்துக்கிட்டு நின்னார். "யம்மாடி! இத்தினி நாளு இத்த மூஞ்சில மாட்டிகினு சும்மா லேபிள் படிச்சுகினு இருந்தேனே!" அவர் அப்படிச் சிரிச்சு அந்த வருஷத்தில் நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஸ்கேல் வச்சு அளந்தோம். அரை மீட்டர். ப்ளஸ் டூன்னா ஒரு மீட்டரில் ரெண்டில் ஒரு பங்கு, அதுதான் குவியத் தொலைவு.

இனி உங்களுக்கும் தெரிந்த கதை. அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சதும் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. ஆளாளுக்கு எரிமலையும் மின்விசிறியும் செய்தீங்க. அனந்தபுரத்துக்காரி சாணி வாயுன்னு ஒரு பானையைக் கொண்டுவந்து வகுப்பையே காலி பண்ணினாள். நான் லென்ஸைக் காட்டினதும் சயின்ஸ் டீச்சருக்கு ஒரு யோசனை வந்தது. டீச்சர் கறார் பேர்வழி, ஆனால் மூளைக்காரி. வகுப்பறையைக் கம்பளி போட்டு இருட்டாக்கி, கேட்டைப் பார்த்த ஜன்னலில் அட்டை அடைச்சு, நடுவே ஓட்டை போட்டு லென்ஸை வைக்கிறது. அதுக்குப் பின்னாடி ஒரு மரச்சட்டத்தில் மல்லாட்டை எண்ணெய், அதான் கடலை எண்ணெய், தடவின பேப்பர். கேட்டில் ஒரு ஆள் நின்னால் பேப்பரில் தலைகீழா, சுண்டு விரல் பாதி அளவுக்கு விழுவார். நாம வெளியே போகாமலே, அந்த ஆளோட உயரத்தைச் சொல்லிடுவோம்!

டீச்சர் கரும்பலகையில் போட்ட கணக்கு எனக்கு இன்னும் மனப்பாடம். குவியத் தொலைவைப் போல அறுபத்தொரு மடங்கு தூரத்தில் ஆளை நிறுத்தினால், அதாவது முப்பதரை மீட்டரில், பிம்பம் சரியா அறுபதில் ஒரு பங்கு. பிம்பத் தொலைவு ஐம்பது சென்டிமீட்டருக்கு மேலே கொஞ்சம், ஐம்பது புள்ளி எட்டு மூணு. சட்டத்தை அங்கே நிறுத்தி ஆணி அடிச்சாச்சு. "பேப்பர்ல அளந்து அறுபதால பெருக்கு, உயரம் வந்துடும். அவ்வளவுதான்" என்றார் டீச்சர். டேப் பிடிச்சு அளந்ததில் முப்பதரை மீட்டர் கேட்டுக்கு நேரா வந்தது. அங்கே மண்ணில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டோம். வர்றவங்களைக் கோட்டில் நிறுத்துற வேலை பிரம்மதேசத்துக்காரிக்கு. உள்ளே ஸ்கேல் பிடிக்கிற வேலை எனக்கு. பேப்பரிலும் மேலே ஒரு கோடு கிழிச்சிருந்தேன். தலைகீழ் இல்லையா, கோட்டில் நிற்கிறவங்க பாதம் எப்பவும் அந்த மேல்கோட்டில் வந்து உட்காரும். தலை எங்கே முடியுதோ அது அவங்கவங்க உயரம்.

கண்காட்சிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் போனப்போ அப்பாவைக் கதவு நிலையில் சாய்ச்சு நிறுத்தி, தலைமேல் ஸ்கேல் வச்சு கோடு போட்டு அளந்தேன். நூற்று அறுபத்தைந்து சென்டிமீட்டர்.

"இன்னாத்துக்கு பாப்பா? சட்டை தைக்கப் போறியா?"

"நீ வெள்ளிக்கிழமை மத்தியானம் திண்டிவனம் வா பா. உள்ள வராத. மாமாவும் அம்மாவும் வருவாங்க. கேட்டுல நில்லு, போதும். நான் உள்ள இருந்தே உன்னப் பாத்துடுவேன். பாத்ததும் வெளிய ஓடியாந்துடறேன்."

"இத்தினி ஜனம் வரும். அதுல நாந்தான்னு எப்பிடித் தெரியும் உனுக்கு?"

"தெரியும். நீ ரெண்டே முக்கா சென்டிமீட்டர்."

அவர் ஒன்னும் புரியாமல் என்னைப் பார்த்தார். அப்புறம் தலையை ஆட்டினார். "வர்றேன். கண்டிப்பா வர்றேன்." ரயில் ஏத்திவிடும்போது ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, "அம்மா எப்பிடி கீது?" என்று கேட்டார். நல்லா இருக்குன்னு சொன்னேன். அவ்வளவுதான் அவங்க ரெண்டு பேருக்கும் நடுவில் நடந்த பேச்சுவார்த்தை, அதுவும் என் வழியா.

என் திட்டம் என்ன தெரியுமா? சொன்னால் சிரிப்பீங்க. அப்பாவைக் கேட்டில் பார்த்ததும் அம்மா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வெளியே ஓடறது. ஊர் ஜனத்துக்கு நடுவில் மாமாவால் சத்தம் போட முடியாது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நேருக்கு நேர் பார்த்துட்டால் எல்லாம் சரியாகிடும். பதினாலு வயசு மூளைக்கு அதுக்கு மேல் எட்டலை. அதுக்காக எண்ணெய்ப் பேப்பரில், மேல்கோட்டிலிருந்து இரண்டே முக்கால் சென்டிமீட்டர் கீழே, சிவப்பு மையால் ஒரு சின்னப் புள்ளி வச்சேன். அது என்னன்னு டீச்சர் கேட்டதுக்கு மை சிந்திடுச்சுன்னு சொன்னேன்.

வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே கூட்டம். இருட்டு அறைக்குள்ளே மல்லாட்டை எண்ணெய் வாசனையும் கம்பளி வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும் சேர்ந்து மூச்சு முட்டுது. "ஏ, தலைகீழா நடந்துகினு போவுது பாருடி!" என்று கிராமத்து ஜனங்க கத்துறாங்க. ஹெட்மிஸ்ட்ரஸைக் கேட்டில் நிறுத்தி உயரத்தைச் சொன்னோம். டேப்பில் அளந்து பார்த்தால் அப்படியே இருந்தது. எல்லாரும் கை தட்டினாங்க. அவங்களுக்கு மட்டும் முகம் கொஞ்சம் சுருங்கிப் போச்சு, தன்னை உயரம்னு நினைச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க போல.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பேப்பரில் ஒரு வெள்ளைச் சட்டை வந்தது. கக்கத்தில் குடை. நான் அளக்கவும் இல்லை, ஒன்னும் இல்லை. ஸ்கேலைப் போட்டுட்டு எடுத்தேன் ஓட்டம். கேட்டுக்குப் போய்ப் பார்த்தால் யாரோ புடவை வியாபாரி, மூட்டையை இறக்கி வச்சுட்டு வேர்வை துடைக்கிறான். திரும்பி வந்தேன். கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்த யாரோ ஒரு பெரியவர் இருட்டில் நிற்கிறார், அளக்க ஆள் இல்லை. டீச்சர் என் காதைத் திருகிட்டார். "அளந்து பாக்காம ஓடறதுக்கா உன் கையில ஸ்கேல் குடுத்தேன்? கண்ணு பொய் சொல்லும். முதல்ல அள. அப்புறம் பேசு. இன்னொரு தடவை வெளிய போனே, அப்படியே வீட்டுக்குப் போயிடு." அந்த நேரம் பார்த்து அம்மாவும் மாமாவும் உள்ளே வந்தாங்க. மாமா எல்லார் முன்னாடியும் சொன்னார், "அப்பன் புத்தி. நின்ன எடத்துல நிக்காது."

எனக்கு அவமானத்தில் காது எரிஞ்சது. அம்மா பேப்பரையே பார்த்துக்கிட்டு நின்னாள்.

கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு வெள்ளைச் சட்டை வந்தது. கக்கத்தில் குடை மாதிரி ஒரு கறுப்புக் கீற்று. கையில் மஞ்சளா ஒரு பொட்டு. கேட்டைத் தாண்டி வந்து நின்னது. ஓடலை. டீச்சர் சொன்ன மாதிரி ஸ்கேலை எடுத்தேன். பாதம் மேல்கோட்டில் உட்காராமல் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் மேலே இருந்தது. சரிதான், கூட்டத்தில் யாரோ சட்டத்தை இடிச்சுட்டாங்கன்னு நினைச்சு, கோட்டை விட்டுட்டு, பாதத்திலிருந்து தலை வரைக்கும் புதுசா அளந்தேன். மூணு சென்டிமீட்டர். மறுபடி அளந்தேன். மூணுதான். என் சிவப்புப் புள்ளிக்கும் கீழே தலை தொங்குது. மூணை அறுபதால் பெருக்கினால் நூற்று எண்பது. யாரோ ஆறடி ஆள். அப்பாவைவிட அரை அடி உயரம் அந்த ஆள்.

"இன்னாடி, இன்னா அங்க?" என்று அம்மா கேட்டாள்.

"ஒன்னும் இல்லம்மா. யாரோ."

அந்த யாரோ ரொம்ப நேரம் நின்னார். குடையை ஒரு கக்கத்திலிருந்து இன்னொரு கக்கத்துக்கு மாத்தினார். ஒரு தடவை கையைத் தூக்கினார். பேப்பரில் அது கீழே தொங்கி ஆடினது. வெயிலுக்குக் கண்ணைக் கையால் மறைக்கிறார்னு நினைச்சேன். நடுவில் அளக்க வேற ஆள் வந்தாங்க, மேல்கோட்டைப் பார்க்காமலே அளந்தேன், சொன்னேன், கை தட்டினாங்க. கடைசி மணி அடிச்சப்போ பேப்பரில் கேட்டு மட்டும் தலைகீழா இருந்தது. இரண்டே முக்கால் சென்டிமீட்டர் ஆள் ஒருத்தரும் வரலை.

கம்பளியெல்லாம் கழற்றினோம். வெளிச்சத்தில் என் பேப்பர் வெறும் எண்ணெய்ப் பேப்பரா நின்னது. பிரம்மதேசத்துக்காரி வாயில் எதையோ மென்னுக்கிட்டு வந்து என் கையில் ஒரு மல்லாட்டை உருண்டையைத் திணிச்சாள். காலையிலிருந்து நான் ஒன்னும் சாப்பிடலை. தின்னேன். நல்ல முறுக்குப் பாகு, ஏலக்காய் போட்டிருந்தது. ஏதுடின்னுகூட கேட்கலை. அழுகையை அடக்கிக்கிட்டுத் தின்கிறவளுக்கு எங்கே கேள்வி வரும்?

வீட்டுக்குப் போற வழியில் மாமா சைக்கிளைத் தள்ளிக்கிட்டே கேட்டார், "உங்கப்பன வரச் சொல்லியிருந்தியா? மூஞ்சப் பாத்தாலே தெரியுது. வந்தானா? அவனுக்கு ஏதும்மா அக்கறை?" அம்மா ஒரு நாளும் இல்லாத வழக்கமா என் கையைப் பிடிச்சுக்கிட்டாள், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ரயில் ஏறலை. தலைவலின்னு சொன்னேன். அதுக்கடுத்த வாரம் காரணமே சொல்லலை. அப்பா யார் மூலமாவோ கேட்டு அனுப்பினார், பாப்பா வருதா இல்லியான்னு. "வரலன்னு சொல்லிடுங்க மாமா" என்றேன். மாமாவுக்கு வாயெல்லாம் பல். நேரில் வந்து ஏன்டின்னு ஒரு வார்த்தை கேட்கட்டுமே என்று எனக்கு ரோஷம். அவர் வரலை. இப்போ தெரியுது, அவருக்கும் ஒரு ரோஷம், இல்லை, ரோஷம்னுகூட சொல்ல முடியாது. பார்த்ததும் ஓடி வர்றேன்னு சொன்ன பொண்ணு வரலையே. பார்த்துட்டுத்தானே வராமல் இருந்திருக்கா. அவர் வேற என்னன்னு நினைப்பார்?

அந்தக் கோடையில் அவரைத் திருச்சிப் பக்கம் மாத்திட்டாங்க. அம்மா கடைசி வரை திரும்பிப் போகலை. தீபாவளிக்கு எனக்குத் துணி பார்சலில் வரும். மேலே ஒட்டின சீட்டில் அவர் கையெழுத்தில் விலாசம் மட்டும் இருக்கும். என் கல்யாணத்துக்கு வந்தார், பந்திக்குத் தண்ணி ஊத்தறவங்களோட சேர்ந்து நின்னுக்கிட்டு இருந்தார். பொண்ணைப் பெத்தவர் மேடையில் நிற்க வேண்டாமா? அம்மா சொன்னதுதான், சொன்ன இடத்தில் நிற்கத் தெரியாது. ஆசீர்வாதம் பண்ண வந்தப்போ குனிஞ்சு கேட்டார், "அந்த எக்ஸிபிஷன் கண்ணாடி வச்சுகினு கீறியா பாப்பா?"

"எங்கியோ போயிடுச்சு பா. வீடு மாத்தறப்போ."

"சரி, போவட்டும்." இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தார். போட்டோக்காரர் நகரச் சொன்னார், நகர்ந்துட்டார். அதுக்கப்புறம் எங்களுக்குள்ளே நடந்ததெல்லாம் மழை பெஞ்சுதா, உடம்பு எப்படி இருக்கு, இவ்வளவுதான். அவர் காலமாகிப் பல வருஷம் ஆச்சு.

இப்போ பிரம்மதேசத்துக்காரி விஷயம். போன வாரம் வந்தாளே, கையில் ஒரு டப்பா. திறந்தால் மல்லாட்டை உருண்டை. "ஏன்டி, பல்லு இருக்குதா பாத்து வாங்கியாரக் கூடாதா?" என்று கேலி பண்ணினேன். ஒன்னைக் கையில் எடுத்து உருட்டிக்கிட்டே அவள் சொன்னாள்.

"இத்தப் பாத்தாலே எனக்கு நம்ம எக்ஸிபிஷன் ஆளு ஞாபகம்தான் வரும். ஒருத்தரு வந்தாருடி. குடைய இடுக்கிகினு, மஞ்சப்பையோட. கோட்டுல நில்லுங்கன்னேன். கேக்கவே இல்ல மனுஷன். கோட்டத் தாண்டி உள்ள வந்து நின்னாரு. ஐயா, கோட்டுல நில்லுங்க, அங்க நின்னாத்தான் கணக்கு வரும்னேன். 'கொஞ்சம் கிட்ட வந்து நிக்கிறேனேம்மா, எம்பொண்ணு உள்ள இருந்து பாக்குது, அதுக்கு நல்லாத் தெரியட்டும்'னாரு. நானும் எவ்ளோ சொல்லிப் பாத்தேன். சிரிச்சுகினே நிக்கிறாரு. கைய வேற ஆட்டினாரு, ஜன்னலப் பாத்து. பாவமா இருந்துச்சு, வுட்டுட்டேன். மணி அடிக்கிற வரைக்கும் நின்னாரு. அப்புறம் பையில இருந்த உருண்டைய எங்கிட்ட குடுத்துட்டு, நீங்க பசங்க எல்லாம் துன்னுங்கம்மான்னு போயிட்டாரு. நீகூட ஒன்னு துன்னே, ஞாபகம் இல்ல? யாரு வூட்டுப் பொண்ணோ, கடைசி வரைக்கும் வெளிய வரவே இல்ல."

கண்ணுக்குத் தண்ணி ஆகாது, அழக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்னு சொல்லிட்டு ரூமுக்குள்ளே போயிட்டேன். அவள் மருந்து எரியுது போலன்னு நினைச்சிருப்பாள். ஏய், பிரம்மதேசத்துக்காரி, நீயும் இதைப் படிப்பே. உன்மேல் ஒரு தப்பும் இல்லைடி. அவர் யார் பொண்ணோட அப்பான்னு உனக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் அப்பா மிலிட்டரியில் இருந்தாரே.

அவள் போனப்புறம் சொட்டு மருந்து வந்த அட்டைப் பெட்டியைப் பிரிச்சு அதுக்குப் பின்னாடி கணக்குப் போட்டேன். அப்பா நூற்று அறுபத்தைந்து. பேப்பரில் விழுந்தது மூணு. வகுத்தால் ஐம்பத்தைந்து. அப்போ அது அறுபதில் ஒரு பங்கே இல்லை, ஐம்பத்தைந்தில் ஒரு பங்கு. அப்படி விழணும்னா ஆள் குவியத் தொலைவைப் போல ஐம்பத்தாறு மடங்கு தூரத்தில் நிற்கணும். ஐம்பத்தாறு தடவை அரை மீட்டர்னா இருபத்தெட்டு மீட்டர். பிம்பத் தொலைவில் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வராது. அதனால்தான் படம் கொஞ்சம்கூட மங்கலை, என்னை எச்சரிக்கவே இல்லை. எச்சரிச்சது அந்தப் பாதம் மட்டும்தான். கிட்ட வந்து நிற்கிறவங்க பாதம் கோட்டைத் தாண்டி மேலே போகும். போயிருந்தது. என் கண்ணாலேயே பார்த்தேன். சட்டம் நகர்ந்துட்டதுன்னு நினைச்சேனே தவிர, மனுஷன் நகர்ந்திருப்பார்னு எனக்குத் தோணலை. ஸ்கேல் சரி, பெருக்கல் சரி, டீச்சர் சரி. எங்க எல்லாருக்கும் தெரியாதது ஒன்னே ஒன்னு, அவர் எங்கே நின்னார்ங்கிறது.

முப்பதரையில் இருபத்தெட்டு போனால் இரண்டரை மீட்டர். என் வீட்டு ஹாலில் டேப் வச்சுப் பார்த்தேன், குனியக் கூடாதுன்னு சொன்னதையும் மீறி. வாசற்படியிலிருந்து நாற்காலி வரைக்கும்தான் வருது. வாசற்படியில் போய் நின்னேன். அங்கிருந்து நாற்காலி வரைக்கும் நடந்தேன். மறுபடி போய் நின்னேன்.

அந்தப் பேப்பரில் விழுந்தது ஆறடி ஆள் இல்லைடி. எங்கப்பாதான். அவர் உயரம் கூடலை. நான் நல்லாப் பார்க்கட்டும்னு, நான் நிற்கச் சொன்ன இடத்தைவிட இரண்டரை மீட்டர் கிட்ட வந்து நின்னிருக்கார்.